விமானம் நிற்கும்போது உழைக்கும் செல்

நான்கு பேர் உட்காரும் சிறு விமானத்தில் ஏறக்குறைய எல்லாப் பாகங்களுக்கும் ஓய்வு உண்டு. விமானி மாஸ்டர் சுவிட்சை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் இன்ஜின் ஆறத் தொடங்கும், ரேடியோ அடங்கும், திரைகள் இருண்டுவிடும். அந்த நேரத்தில்தான் ஒரு பாகத்துக்கு வேலை ஆரம்பிக்கிறது. வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவிக்குள், சர்க்யூட் போர்டின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் லித்தியம் செல் அது. சில கருவிகளில் ஒரு ரூபாய்க் காசு அகலம் இருக்கும். சிலவற்றில் சின்ன உருளை. விமானி பதிந்துவைத்த பாதைகள், அவராகவே பெயர் சூட்டிச் சேர்த்த இடங்கள், கருவி கடைசியாக அணைந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, நேரம் இவற்றையெல்லாம் அடுத்த முறை சுவிட்ச் போடும்வரை காப்பாற்றி வைப்பது அதன் பொறுப்பு.

அது உயிரோடு இருக்கும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. செத்த பிறகும் பழி பெரும்பாலும் வேறு எதன் மீதாவதுதான் விழுகிறது. ஆனால் விமானத்தில் உள்ள பொருள்களில், சாகும் காலம் முன்கூட்டியே தெரிந்த சிலவற்றில் இதுவும் ஒன்று. அது எங்கே பிறந்தது, எதற்காக அந்தப் போர்டில் வந்து உட்கார்ந்தது, எப்படித் தேய்ந்தது, யார் அதைக் கழற்றலாம் என்று வரிசையாகப் பார்த்தால் அந்த மரணம் யாருக்கும் திகைப்பைத் தர வேண்டியதில்லை என்பது புரியும்.

உப்பளத்திலிருந்து உலர் அறைக்கு

சிலி நாட்டின் வடக்கே, ஆண்டிஸ் மலையடிவாரத்தில் சலார் தே அட்டகாமா என்னும் உப்புவெளி இருக்கிறது. நிலத்தடியில் தேங்கியிருக்கும் கரிப்பு நீரை மேலே ஏற்றி, பரந்த பாத்திகளில் தேக்கி, வெயிலில் விட்டுவிடுகிறார்கள். சாதாரண உப்பு முதலில் படியும். அதைத் தொடர்ந்து பொட்டாசியம் உப்புகள் பிரியும். ஓர் ஆண்டுக்கு மேல் காய்ந்தபின் மிஞ்சும் மஞ்சள் திரவத்தில்தான் லித்தியம் செறிந்திருக்கும். உலகத்துக்கு லித்தியம் தரும் இடங்களில் இது முக்கியமானது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கத்தில் அதைப் பாறையாகவே வெட்டி எடுக்கிறார்கள்.

1817-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்ஃப்வெட்சன், ஊட்டோ தீவில் கிடைத்த பெட்டலைட் என்ற கனிமத்தை ஆராய்ந்தபோது கண்டுபிடித்த தனிமம் இது. உலோகங்களில் இதுதான் மிக லேசு. அடர்த்தி தண்ணீரில் பாதியை ஒட்டியே வரும். எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் ஆவலும் இதற்கு மிக அதிகம். பேட்டரி செய்பவர்களை இழுத்த குணம் அதுதான். ஆனால் ஈரக் காற்று பட்டாலே கெட்டுவிடும். உருகிய லித்தியம் குளோரைடில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தெடுத்த உலோகத்தைத் தகடாக இழுப்பதும், வட்டமாக வெட்டுவதும், செல்லுக்குள் அடைத்து மூடுவதும் ஈரப்பதம் கிட்டத்தட்ட இல்லாத உலர் அறைகளில்தான் நடக்க வேண்டும்.

1970-களில் ஜப்பானின் மட்சுஷிட்டா, சான்யோ போன்ற நிறுவனங்கள் இந்த உலோகத்தைச் சிறிய செல்லாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஒரு பக்கம் லித்தியம், மறுபக்கம் மாங்கனீசு டை ஆக்சைடு, நடுவே தண்ணீர் கலவாத மின்பகுளி. சாதாரண டார்ச் லைட் செல் 1.5 வோல்ட் தரும் இடத்தில் இது ஒன்றே 3 வோல்ட் தந்தது. எல்லோருக்கும் தெரிந்த சி.ஆர். 2032 வகையை எடுத்துக்கொண்டால், விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர், கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. உள்ளே இருக்கும் லித்தியம் சுமார் பத்தில் ஒரு கிராம்தான்.

இந்தச் செல்லுக்கு இரண்டு குணங்கள் உண்டு. சும்மா வைத்திருந்தால் சாதாரண வெப்பநிலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான் தானாக இழக்கும். இன்னொன்று, இருப்பில் பெரும்பகுதி தீரும்வரை அதன் வோல்டேஜ் 3-ஐ ஒட்டியே நிற்கும். கடைசிக் கட்டத்தில்தான் மடமடவென்று சரியும். முதல் குணத்தால்தான் அதற்கு விமானத்தில் வேலை கிடைத்தது. அதன் சாவு முன்னறிவிப்பில்லாமல் வருவதற்குக் காரணம் இரண்டாவது குணம்.

கான்சாஸில் கிடைத்த வேலை

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒலேத்தா என்று ஓர் ஊர். 1959-இல் எட் கிங் தொடங்கிய கிங் ரேடியோ நிறுவனம் இந்த ஊரில்தான் சிறு விமானங்களுக்கான ரேடியோக்களைச் செய்து பெயர் வாங்கியது. 1985-இல் அது கைமாறி, பெண்டிக்ஸ்/கிங் என்ற பெயரில் தொடர்ந்து, கடைசியில் ஹனிவெல் குடும்பத்தில் சேர்ந்தது. அங்கே வேலை பார்த்த கேரி பரெலும் மின் காவோவும் 1989-இல் தனியே தொடங்கியதுதான் இன்று நாம் கைக்கடிகாரத்தில் காணும் கார்மின். சிறு விமானங்களின் வழிகாட்டும் கருவிகளில் பெரும்பங்கு இந்த ஒரே வட்டாரத்தில் பிறந்தது.

ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பே நினைவுச் செல்லுக்கு வேலை வந்துவிட்டது. 1980-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த கிங் கே.என்.எஸ். 80 என்ற கருவி, தரையில் உள்ள ரேடியோ நிலையத்திலிருந்து இத்தனை டிகிரி, இத்தனை மைல் என்று விமானி கொடுத்தால், அந்த இடத்திலேயே ஒரு நிலையம் இருப்பதாகக் கணக்கிட்டு வழிகாட்டும். இப்படிக் குறித்துக்கொள்ளும் இடத்துக்கு விமானிகள் வேபாயின்ட் என்பார்கள். கே.என்.எஸ். 80 மொத்தம் 4 வேபாயின்ட்டுகளை நினைவில் வைக்கும். அந்த நான்கையும் காப்பாற்றியவை கைக்கடிகாரத்தில் போடும் வெள்ளி ஆக்சைடு செல்கள். அவற்றை மாற்றக் கருவியைப் பிரிக்க வேண்டியதில்லை. முன்பக்கத்திலேயே ஒரு சின்ன அறை இருந்தது.

1990-களில் வந்த பெண்டிக்ஸ்/கிங் கே.எல்.என். 90பி ஜி.பி.எஸ். கருவியின் நினைவோ பல மடங்கு பெரிது. விமானி தாமாகவே 250 வேபாயின்ட்டுகள் வரை சேர்க்கலாம். 25 பறப்புத் திட்டங்களைச் சேமித்து வைக்கலாம். ஒவ்வொன்றிலும் 30 இடங்கள் வரை வரலாம். விமான நிலையங்கள், ஓடுபாதைகள், அலைவரிசைகள் அடங்கிய தரவுத்தளம் தனி கார்ட்ரிட்ஜில் இருந்தது. விமானி கைப்படச் சேர்த்த எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த லித்தியம் பேட்டரியே காவல். அதன் ஆயுள் 3 முதல் 5 ஆண்டு என்று விமானிக்கான கையேடே சொன்னது.

நினைவுக்குப் பேட்டரி எதற்கு? இன்றைய போனை அணைத்தாலும் படங்கள் அழிவதில்லையே என்று கேட்கலாம். அது ஃபிளாஷ் நினைவகம். மின்சாரம் போனாலும் எழுதியது நிற்கும். அக்காலக் கருவிகளில் இருந்தது ஸ்டாட்டிக் ரேம் என்ற வகை. எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம், வேகமும் அதிகம். ஆனால் மின்சாரம் அறுந்த நொடியே எழுதியது அத்தனையும் போய்விடும். ஒரே ஆறுதல், சும்மா வைத்திருக்க அதற்கு மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். 5 வோல்ட்டில் ஓடும் சில்லு, எழுதாமல் படிக்காமல் தூங்கும்போது 2 வோல்ட் கிடைத்தாலே நினைவை விடாமல் பிடித்துக்கொள்ளும்; இழுக்கும் மின்னோட்டம் சில மைக்ரோ ஆம்பியர்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 220 மில்லி ஆம்பியர்-மணி உள்ள செல்லிலிருந்து 5 மைக்ரோ ஆம்பியர் ஓயாமல் இழுத்தால் 44,000 மணி நேரம் தாங்கும். ஏறத்தாழ 5 ஆண்டு. கையேடுகள் சொல்லும் ஆயுள் வானத்திலிருந்து வந்த எண் இல்லை. யார் வேண்டுமானாலும் காகிதத்தில் சரிபார்க்கலாம்.

செல்லை ஏன் உள்ளே சால்டர் செய்து மூடினார்கள் என்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. பிஸ்டன் இன்ஜின் ஓடும்போது கருவிப் பலகை முழுவதும் அதிரும். ஸ்பிரிங் தொடர்பில் உட்கார்ந்திருக்கும் செல் கண்ணிமைக்கும் நேரம் விலகினாலும் நினைவு போய்விடலாம். தூசியும் துருவும் சேர்ந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். தகட்டுக்கால் வைத்துச் சால்டர் செய்த செல் அசையாது. அந்த உறுதிக்கு விலையாக, விமானி ஐந்தே நிமிடத்தில் மாற்றியிருக்கக்கூடிய பாகம், பட்டறைக்குப் போனால்தான் மாற்ற முடியும் என்றாகிவிட்டது.

பறக்காத விமானத்தில் தேய்வது

இன்ஜின் மணிக்கணக்கில் தேயும். டயர் தரையிறக்கக் கணக்கில் தேயும். நினைவுச் செல் மட்டும் தலைகீழ். கருவி ஓடும்போது விமானத்தின் மின்சாரமே நினைவகத்துக்கும் போகும். நடுவில் இருக்கும் டயோடு செல்லிலிருந்து மின்சாரம் வெளியேறாமல் தடுத்துவிடும். அப்போது செல்லுக்கு ஓய்வு. கருவி அணைந்ததும் அதன் பணி தொடங்கும். ஆண்டுக்கு 50 மணி நேரம் பறக்கும் சொந்த விமானம் மீதி 8,700 மணி நேரமும் நிற்கிறது. அந்த 8,700-ம் செல்லின் கணக்கில்தான் ஏறும்.

‘ரொம்ப ஓடாத வண்டி, கருவியெல்லாம் புதுசு மாதிரி இருக்கும்’ என்று பழைய விமானம் விற்பவர் சொன்னால் இன்ஜினுக்கு அது ஓரளவு பொருந்தலாம். நினைவுச் செல்லுக்குப் பொருந்தாது. ஹாங்கரிலேயே வருஷக்கணக்கில் கிடந்த விமானத்தில்தான் அது முதலில் செத்திருக்கும்.

இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பூட்டிய காக்பிட்டில், கண்ணாடிக்கு நேர் கீழே, கருவிப் பலகை கடுமையாகச் சூடேறும். வெப்பம் கூடக்கூடச் செல் தானாக இழக்கும் அளவும் கூடும். நினைவுச் சில்லு இழுக்கும் மின்னோட்டமும் கூடும். வரவில்லாத கணக்கில் இரண்டு பக்கமும் செலவு. குளிர்காலத்திலோ செல்லின் உள்தடை ஏறும். ஏற்கெனவே கடைசி மூச்சில் இருக்கும் செல், உறைபனி விழுந்த ஒரு காலையில் கைவிட்டுவிடும். நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று விமானி சொல்வார். வோல்டேஜ் கடைசிவரை சரியாமல் நின்றதால் அப்படித் தோன்றியது.

கருவிக்கு மறதி வந்தால்

செல் செத்தால் விமானம் விழுந்துவிடாது. கருவி அணைந்துவிடாது. சுவிட்சைப் போட்டால் வழக்கம்போல் திரை ஒளிரும். நினைவு பேட்டரி பலவீனமாக இருக்கிறது, சேவை மையத்தை அணுகவும் என்றோ, சேமித்த தகவல்கள் அழிந்துவிட்டன என்றோ சில கருவிகள் ஒரு செய்தி காட்டும். ஒன்றும் சொல்லாமல் வெற்றுப் பட்டியலை நீட்டும் கருவிகளும் உண்டு.

முதலில் போவது விமானி கைப்படச் சேர்த்தவை. பக்கத்து வயல்வெளி ஓடுபாதை, வழக்கமாகத் திரும்பும் முனை, பலமுறை திருத்திச் செதுக்கிய பாதை எல்லாம் காலி. அடுத்து, தான் எங்கே இருக்கிறோம், இன்று என்ன தேதி என்ற இரண்டும் கருவிக்குத் தெரியாது. மூன்றாவதாகப் போவது செயற்கைக்கோள்களின் பஞ்சாங்கம். எந்தக் கோள் எந்த நேரத்தில் வானத்தின் எந்தப் பகுதியில் இருக்கும் என்ற உத்தேசக் கணக்கு அது. பஞ்சாங்கமும் நேரமும் இருப்பிடமும் கையில் இருந்தால் ரிசீவர் இப்போது தலைக்கு மேல் இருக்கும் கோள்களை மட்டும் தேடும். மூன்றும் இல்லையென்றால் வானம் முழுக்கத் துழாவ வேண்டும். இதைக் கோல்டு ஸ்டார்ட் என்பார்கள். ஜி.பி.எஸ். கோள் தன் செய்தியை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. 30 நொடி நீளமுள்ள சட்டகங்கள் 25 வந்து சேர்ந்தால்தான் பஞ்சாங்கம் முழுதாகக் கிடைக்கும், அதற்கு 12.5 நிமிடம். அதுவரை ஓடுபாதை ஓரத்தில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் விமானி, ஆன்டெனா போய்விட்டது என்று முடிவு கட்டுவது இயல்பு. ஆன்டெனாவையும் கேபிளையும் மாற்றி வீண் செலவு செய்த பிறகும் அடுத்த வாரம் அதே கதை நடக்கும்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜி.பி.எஸ். அனுப்பும் வார எண்ணுக்குப் பழைய செய்தி வடிவில் 10 பிட் இடம்தான். 1,024 வாரம் ஆனதும், அதாவது சுமார் 19.6 ஆண்டுக்கு ஒருமுறை, எண் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி வந்தது. அடுத்தது 2038 நவம்பரில். இது எந்தச் சுற்று என்று தெரிந்துகொள்ள, சில பழைய ரிசீவர்கள் தம் நினைவில் உள்ள தேதியையே நம்பியிருக்கின்றன. நினைவு போனால் இருபது ஆண்டு பின்னே போன தேதியோடு விழித்தெழலாம். இருப்பிடத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டே தேதியைத் தப்பாகக் காட்டும் கருவியைப் பார்த்தால் யாருக்கும் குழப்பம்தான்.

உண்மையான ஆபத்து இவை எதிலும் இல்லை. மறந்துபோன கருவிக்கு மனிதர் விரலால் மறுபடி ஊட்டுகிறாரே, அங்கேதான் இருக்கிறது. குமிழைத் திருப்பித் திருப்பி ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் இலக்கமாகப் பதிய வேண்டும். 2015 மார்ச் 10 அன்று சிட்னியில் நடந்ததைப் பாருங்கள். கோலாலம்பூருக்குப் புறப்பட்ட ஏர் ஏசியா எக்ஸ் ஏர்பஸ் ஏ330 விமானத்தில், நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையைக் கையால் பதிந்தபோது 15109.8 கிழக்கு என்பதற்குப் பதில் 01519.8 கிழக்கு என்று விழுந்தது. இலக்கங்கள் இடம் மாறியதில் விமானத்தின் கணிப்பொறிகள் தாம் 11,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதாக நம்பிவிட்டன. ஏறிய பிறகு வழிகாட்டும் அமைப்புகள் குளறுபடியாகி, கோலாலம்பூர் போக வேண்டிய விமானம் மெல்பர்னில் தரையிறங்கியது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்து வெளியிட்ட சம்பவம் இது. அங்கே எந்தச் செல்லும் சாகவில்லை. பெரிய விமானத்தில், பயிற்சி பெற்ற இருவர் பொறுப்பில் இருந்தும் கைப்பதிவு இப்படி வழுக்கியது. சிறு விமானத்தில் தனியாக உட்கார்ந்து, காலை அவசரத்தில், காணாமல்போன 30 இடங்களை மறுபடி பதியும் ஒருவர் நிலையை இதிலிருந்து ஊகிக்கலாம்.

கழற்றும் உரிமை யாருக்கு

கே.எல்.என். 90பி போன்ற கருவியைப் பலகையிலிருந்து எடுப்பது சுலபம். சிறிய ஆலன் சாவி ஒன்று போதும். முன்பக்கத் துளையில் நுழைத்துத் திருப்பினால் பூட்டு விலகி, கருவி தன் தட்டிலிருந்து நழுவி வெளியே வரும். இணைப்பிகள் பின்னால் தட்டிலேயே நின்றுவிடும். அமெரிக்க விதிகளின் 43-ஆம் பகுதி, இப்படித் தட்டில் பொருந்தும் கருவியைக் கழற்றி மாட்டும் வேலையை உரிமம் பெற்ற விமானியே தம் சொந்த விமானத்தில் செய்யலாம் என்று அனுமதிக்கிறது. தரவுத்தளத்தைப் புதுப்பிக்கவும் அனுமதி உண்டு. ஆனால் மூடியைத் திறந்து உள்ளே சால்டரிங் அயர்ன் வைப்பது அந்த அனுமதியில் சேராது. அது அங்கீகாரம் பெற்ற பட்டறையின் வேலை.

இந்தக் கட்டுப்பாடு வீண் கெடுபிடி என்று நினைப்பவர்கள் ஒரு வெப்பநிலையை நினைவில் வைக்க வேண்டும். லித்தியம் 180.5 டிகிரி செல்சியஸில் உருகும். சால்டரிங் அயர்னின் முனை 350 டிகிரியைத் தொடும். செல்லின் உடலில் நேரடியாக முனையை வைத்தால் அடைப்பு இளகி மின்பகுளி கசியும், வெடிக்கவும் கூடும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே தகட்டுக்கால்களை ஸ்பாட் வெல்டிங் செய்து ஒட்டிய செல்லை வாங்கி, அந்தக் கால்களின் நுனியில் மட்டும் சால்டர் வைக்கிறார்கள். ஒரு பெட்டிக்கடை சி.ஆர். 2032-ஐ வாங்கி வீட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

தெரிந்த டெக்னீஷியன் செல்லை மீட்டரில் வெறுமனே அளந்து முடிவு செய்ய மாட்டார். சுமையில்லாமல் அளந்தால் சாகப்போகும் செல்லும் 3 வோல்ட்டை ஒட்டிக் காட்டி ஏமாற்றும். சிறு ரெசிஸ்டரைச் சுமையாகக் கொடுத்து அளப்பார். டயோடு சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார். அது கசிந்தால் புதிய செல்லும் சீக்கிரமே தீர்ந்துவிடும். நிலைமின்சாரம் சில்லுகளைத் தாக்காமலிருக்க மணிக்கட்டில் தரைக்கம்பி கட்டிக்கொண்டு பழையதை எடுத்து, புதியதை வைத்து, கருவியைச் சோதனை மேசையில் ஓட்டி, அணைத்து, மறுபடி போட்டு நினைவு நிற்கிறதா என்று பார்த்த பிறகே விமானத்தில் மாட்டத் தகுதியானது என்று சான்று எழுதுவார். செல்லின் விலையைவிட இந்த உழைப்புக்கான கூலி பல மடங்கு. அந்தக் கூலி ஒரு காசு அகலப் பொருளுக்குப் போகவில்லை. மூடியைத் திறந்து திரும்ப நம்பிக்கையோடு மூடுவதற்குப் போகிறது.

புதிய செல் பட்டறைக்கு வந்துசேரும் வழியும் விசித்திரமானது. விமானத்துக்காகவே செய்த செல், பயணிகள் விமானத்தின் சரக்கறையில் ஏற முடியாது. லித்தியம் உலோகச் செல்களைத் தனியாகச் சரக்காக ஏற்றுவதை 2015 ஜனவரி 1 முதல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடை செய்துவிட்டது. 2010 செப்டம்பர் 3 அன்று, ஏராளமான லித்தியம் பேட்டரிகளை ஏற்றிச் சென்ற யு.பி.எஸ். சரக்கு விமானம் துபாயில் தீப்பிடித்து விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தது இப்படிப்பட்ட கெடுபிடிகளுக்கு வலுச் சேர்த்தது. ஆகவே கருவியின் நினைவைக் காக்கப்போகும் செல் சரக்கு விமானத்திலோ லாரியிலோ கப்பலிலோதான் வந்துசேரும். கருவிக்குள் பொருத்தி முடித்த பிறகு அதே செல் தாராளமாகப் பறக்கலாம்.

செல் இல்லாத காலம்

ஃபிளாஷ் நினைவகம் மலிவானதும் கருவி செய்பவர்கள் பாதைகளையும் வேபாயின்ட்டுகளையும் அதற்கு மாற்றிக்கொண்டார்கள். புதிய தலைமுறைக் கருவிகளில் செல் இருந்தாலும் கடிகாரத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் மட்டும்தான். அது போனால் சில நிமிடக் காத்திருப்போடு முடிந்துவிடும். ஆனால் சிறு விமானங்களின் ஆயுள் மிக நீளம். 1970-களில் செய்த செஸ்னாக்களும் பைப்பர்களும் இன்னமும் பறக்கின்றன. அவற்றின் பலகைகளில் 1990-களின் கருவிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குள் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது செல் ஓடிக்கொண்டிருக்கிறது. கழற்றிய பழைய செல் குப்பையில் போகக் கூடாது. இரு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். தீர்ந்ததாகத் தோன்றும் லித்தியம் செல்லிலும் தீ மூட்டும் அளவுக்கு மிச்சம் இருக்கும்.

விமானி தரவுத்தளத்தை 28 நாளுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்கிறார். உலகமெங்கும் வான்வழித் தகவல்கள் அந்தச் சுழற்சியில்தான் மாறுகின்றன. விபத்தில் சமிக்ஞை அனுப்பும் அவசர ஒலிபரப்பியின் பேட்டரியையும் மறப்பதில்லை. அதற்கு அமெரிக்க விதியே காவல் நிற்கிறது: பேட்டரியின் பயன் ஆயுளில் பாதி கழிந்தாலோ, ஒலிபரப்பி மொத்தம் 1 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தாலோ மாற்றியாக வேண்டும், மாற்ற வேண்டிய தேதியைக் கருவியின் வெளிப்புறத்தில் எழுத வேண்டும், பராமரிப்புப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். நினைவுச் செல்லுக்கு அப்படி ஒரு விதி இல்லை. 5 ஆண்டுக்கு ஒருமுறை வருவதால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

விதி இல்லாவிட்டாலும் அதே முறையைப் பின்பற்றத் தடையில்லை. செல் மாற்றிய தேதியை லாக் புக்கில் எழுதுங்கள். அடுத்து மாற்ற வேண்டிய ஆண்டைக் கருவியின் மேல் சின்னச் சீட்டாக ஒட்டுங்கள். பதிந்துவைத்த வேபாயின்ட்டுகளையும் பாதைகளையும் ஆண்டுக்கு ஒருமுறை காகிதத்தில் எழுதியோ படமெடுத்தோ விமானத்துக்கு வெளியே வையுங்கள். நினைவு போய்த் திரும்பப் பதிய நேர்ந்தால் அதைத் தரையிலேயே செய்து, ஒவ்வோர் இடத்தின் திசையையும் தூரத்தையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய விமானம் வாங்குபவர் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்கும்போதே, நினைவு பேட்டரி எப்போது மாற்றியது என்றும் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் அது தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அடுத்த வருடாந்திரப் பரிசோதனையிலேயே மாற்றிவிடுவதுதான் சரி.